சபையில் அவர் சொன்னது

வெள்ளவத்தையில் என் கடைப் பலகையில் போட்டோக் கொப்பி, டைப்பிங், லமினேட்டிங் என்று எழுதியிருக்கிறது. சனம் அதைக் கல்வெட்டுக் கடை என்றுதான் சொல்லும். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக் கையில் கொடுத்தனுப்புகிற சின்னப் புத்தகம்தான் கல்வெட்டு. முகப்பில் படம், உள்ளே பதிகம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசை தவறாதவள். எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு வழக்கமில்லை. ஆனாலும் எந்தப் பதிகம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று சைவக்காரர் இப்போது என்னைக் கேட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறார்கள்.

செத்தவர்கள் எல்லாரும் என் மேசை வழியாகத்தான் போகிறார்கள். அழுதுகொண்டு நிற்கிறவரிடம் "படத்துக்குப் பின்னால நீலம் போடவா, சாம்பல் போடவா?" என்று கேட்டுக் கேட்டு, நெஞ்சில் ஒரு தோல் தடித்துவிட்டது. வெந்நீர் பிடித்துப் பழகிய கை மாதிரி. சூடு தெரியும், சுடாது.

கொம்பியூட்டரில் ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். பிறந்த இடம், பள்ளிக்கூடம், உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில். அதற்குக் கீழே ஒரு வரி: "அன்னார் அடிக்கடி சொல்வார்…" அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. "அப்பா பெரிசாக் கதைக்கமாட்டார்" என்பார்கள். அப்போது நானே ஒன்றைப் போட்டுவிடுவேன். எனக்கு அதற்குப் பஞ்சமில்லை. நான் ஏ.எல். படிக்கவில்லை, சனம் கதைக்கிறதைக் கேட்டுப் படித்தவள். பஸ்ஸில், சந்தையில், கோயில் வாசலில் கேட்பதை ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். "முன்னுக்குப் போ முன்னுக்குப் போ என்கிறவன் பின் மிதிபலகையிலதான் நிப்பான்" என்று ஒரு கொண்டக்டர் தன்னைப் பற்றியே சொன்னது அதில் இருக்கிறது. "ஐஸில கிடந்த மீனும் அழுத முகமும் ஒண்ணு, செவுளைத் தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஒரு மீன்கார அக்கா சொன்னதும் இருக்கிறது.

நான் போட்ட வரியை இதுவரை ஒரு குடும்பமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு மகன் அடுத்த வருடம் ஆட்டைத்திவசத்துக்கு அட்டை அடிக்க வந்து, "அப்பா அந்த வசனத்தை எத்தினை தரம் சொன்னவர் தெரியுமோ, அக்கா" என்று கண்ணைத் துடைத்தார். அந்த வசனம் ஒரு தேங்காய் வியாபாரியுடையது.

இந்தப் பழக்கம்தான் பாராளுமன்றம் வரைக்கும் போனது.

கடைக்குப் பின் ஒழுங்கையில், கடற்பக்கம் பார்த்த மாடியில், ஒரு அன்ரியும் அங்கிளும் இருந்தார்கள். அங்கிள் புதுக்கடை நீதிமன்றங்களில் கன காலம் சட்டத்தரணியாக இருந்தவர். தொண்ணூறு தாண்டி, ஒரு பின்னேரம் கதிரையிலேயே போய்விட்டார். கல்வெட்டு நான்தான் செய்தேன். அந்த வரலாற்றில் ஒரு வரி: "முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்." அதை டைப் அடிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இத்தனை வருடம் என் கடையில் பேப்பர் வாங்கி, மிச்சக் காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போன மனிதர்.

கல்வெட்டு கொடுத்து முடிந்த பிறகு அன்ரி கடைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, பாராளுமன்றத்தில இருந்தவை செத்தா அங்க அனுதாபப் பிரேரணை வைக்கிறவை. இவருக்கும் வைப்பினம். அது முடிஞ்சாத்தான் நான் பிளேன் ஏறுவன்."

மகன் மெல்பேர்னில். விசா வந்திருந்தது. வீட்டை விற்க ஆளும் வந்திருந்தார்கள். மகன் வாட்ஸ்அப்பில் கத்துவது எனக்கும் கேட்டது. "அம்மா, அவையள் சொல்லித்தானோ அப்பா ஆரெண்டு எங்களுக்குத் தெரியவேணும்?" அன்ரி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். குரல் மடிக்குள் கதைத்துக்கொண்டே இருந்தது.

"அவன் அப்ப பிறக்கேல்லை," என்றார் என்னிடம். "ஊரில இவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை எண்டு அவனுக்குத் தெரியாது. 'ஒரு மாச எம்.பி.' கலியாண வீட்டில, செத்த வீட்டில, எங்கை போனாலும். 'ஒரு மாசம் வாறார், கதிரையைப் போடுங்கோ' எண்டு. இவர் சிரிப்பார். நான் சிரிச்சதில்லை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, அந்தச் சபை இவரைக் கௌரவ உறுப்பினர் எண்டு சொல்லிக் கேக்கவேணும். பிறகு நான் எங்கை கிடந்து செத்தாலும் சரி."

ஏன் ஒரு மாதம் என்பதை அங்கிளின் புத்தக அலுமாரியைக் காலிபண்ணப் போன நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் நாட்டில் சபை இரண்டு. மேலே செனட் சபை, முப்பது பேர், கோட்டைக்குள்ளே வேறொரு கட்டடத்தில் கூடுவார்கள். சனத்தின் வோட்டு அங்கே போகாது. பாதிப் பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்யும், பாதிப் பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். கீழே இருந்ததுதான் பிரதிநிதிகள் சபை. காலிமுகத்திடலில், கடலைப் பார்த்த கட்டடம். தொடக்கத்தில் நூற்றொரு பேர். அறுபதாம் ஆண்டு தொகுதிகளைத் திருப்பி வெட்டி நூற்றைம்பத்தேழு ஆக்கினார்கள். அதில் ஆறு பேர் வோட்டுக் கேட்காமலே வருகிறவர்கள், நியமன உறுப்பினர்கள். சில தொகுதிக்கு இரண்டு பேர், கொழும்பு மத்திக்கு மூன்று பேர். மூன்று பேர் என்றால் வோட்டும் மூன்று. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய என் அப்பாவுக்கு அதில் சாகும்வரை ஒரு குறை இருந்தது. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு மூணு வோட்டு, நமக்கு ஒண்ணு. ஒரே குழாயிலதான் ரெண்டு பேரும் தண்ணி அள்றோம்" என்பார்.

அப்படித் திருப்பி வெட்டிய தொகுதி ஒன்றில்தான் அங்கிள் முதல்முதலாக நின்று வென்றார். எந்தத் தொகுதி என்று எழுதமாட்டேன். அந்தச் சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கூடினார்கள், சத்தியம் செய்தார்கள், சபாநாயகரைத் தெரிந்தார்கள், அரசாங்கத்தின் திட்டத்தைச் சொல்கிற சிம்மாசன உரைக்கு வோட்டெடுத்தார்கள், அரசாங்கம் தோற்றது, சபை கலைந்தது. ஒரு மாதம் நிறையவில்லை. அதே வருடம் திரும்பவும் தேர்தல் வந்தது, அங்கிள் தோற்றார். பிறகு நிற்கவேயில்லை. பத்துப் பதினொரு வருடத்தில் செனட் சபையை இல்லாமல் ஆக்கினார்கள். அடுத்ததாகப் பிரதிநிதிகள் சபை என்ற பெயரும் போய், தேசிய அரசுப் பேரவை வந்தது; அதுவும் போய் இப்போதைய பாராளுமன்றம், குளத்துக்கு நடுவில், இருநூற்றிருபத்தைந்து பேரோடு. அங்கிள் இருந்த சபை பெயராலும் இல்லை, இடத்தாலும் இல்லை.

அலுமாரியில் அந்த ஒரு மாதத்தின் ஹன்சார்ட் இருந்தது. சபையில் கதைப்பதை எல்லாம் சொல்லுக்குச் சொல் அச்சடித்து வைக்கிற புத்தகம்தான் ஹன்சார்ட். மற்றச் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் அது மெல்லியதாக, நோயில் மெலிந்தவன் மாதிரி இருந்தது. அங்கிளின் பெயரைத் தேடினேன். சத்தியம் செய்தவர்களின் பட்டியலில் ஒரு தரம். வோட்டெடுப்பின் பட்டியலில் ஒரு தரம். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கதைத்ததாக இல்லை.

"அங்கிள் ஒண்டும் கதைக்கேல்லையா, அன்ரி?" வெள்ளவத்தையில் கடை வைத்த பிறகு என் நாக்கும் இவர்களுடைய பக்கம் சாய்ந்துவிட்டது.

"கதைக்க எங்கை விட்டவை? ஆனா ஒருக்காச் சொன்னவர்." அன்ரி புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்தார். அந்த இடத்தில் தாள் அழுக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவரின் நீண்ட பேச்சு. நடுவில் ஆங்கிலத்தில், அடைப்புக்குறிக்குள், "குறுக்கீடு" என்று ஒரு சொல்.

"இது இவர்."

"பேர் இல்லையே, அன்ரி."

"பேர் போடமாட்டினம். ஆர் எண்டு தெரியாட்டி இப்பிடித்தான் போடுவினம். நான் மேல, பாக்க வாறவை இருக்கிற கலரியில இருந்தனான். கலியாணம் கட்டின புதிசு. இவருக்கு இடக்காது மந்தம் எல்லோ? இருந்ததும் கடைசி வாங்கில. முன்னுக்கு இருந்தவர் தாடிக்குள்ள கதைக்கிற மாதிரிக் கதைச்சுக்கொண்டு நிண்டார். இவர் அரைவாசி எழும்பி, 'கேக்கேல்லை' எண்டவர். தமிழில. எல்லாரும் திரும்பிப் பாத்தவை. இவர் வெக்கப்பட்டு இருந்திட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதைப் போடும்."

அன்று காலைதான் ஒரு தமிழ் உறுப்பினரின் இணைப்புச் செயலாளர் எனக்குப் போன் எடுத்திருந்தார், இளம் பெடியன். பிரேரணையில் பேசுகிறவர்களுக்கு அங்கிளைத் தெரியாது, அதனால் ஒரு குறிப்பு வேண்டும், மூன்று மொழியிலும் இருந்தால் நல்லது. பட்டியலில் முன்னே ஆட்கள் இருக்கிறார்கள், முறை வரும்போது சொல்கிறோம் என்றார். நான் இதைக் கடையில் சொன்னபோது, அடையாள அட்டை கொப்பி எடுக்க நின்ற ஒரு ஐயா, "அடுப்புக் காஸுக்கு நிண்டம், பெற்றோலுக்கு நிண்டம், செத்தாப் பிறகும் கியூவோ?" என்றார்.

குறிப்பை எழுதினேன். "கேக்கேல்லை" என்பதைப் போடவில்லை. யோசித்துத்தான் விட்டேன். ஆதாரம் இல்லை, பெயரில்லாத குறுக்கீட்டை இவர்தான் என்று எப்படி எழுதுவது? போட்டாலும், ஒரு மாதம் சபையில் இருந்தவர் சொன்ன ஒரே சொல் காது கேட்கவில்லை என்பதா? அந்த ஊர்க்காரர் கேட்டால் இன்னொரு பட்டம் வைப்பார்கள். அன்ரிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் புரை, வாசிக்க முடியாது. கடைசிவரை கேட்டார். "ம்" என்றார். எந்தப் பக்கம் வோட்டுப் போட்டார் என்பதையும் நான் விட்டிருந்தேன், இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் பேசவேண்டுமே என்று.

மாதங்கள் போயின. மகன் டிக்கெட்டை இரண்டு தரம் மாற்றினார். மூன்றாம் தரம், இனி மாற்றமாட்டேன் என்றார். வீடு கைமாறும் நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம்தான் பெடியன் போன் எடுத்தான்.

"அக்கா, வாற வெள்ளிக்கிழமை எடுக்கிறாங்க. ஆனா நோட் கொஞ்சம் காய்ஞ்சு போய் இருக்கு. பிறந்தார், படித்தார், இருந்தார். சேர் பேசுறதுக்கு மனசில நிக்கிற மாதிரி ஏதாவது ஒரு லைன் தாங்களேன். இப்ப உடனே வேணும், ட்ரான்ஸ்லேட் பண்ணக் குடுக்கணும்."

கடையில் மூன்று பேர் நின்றார்கள். லமினேட் மிஷின் ஒரு சான்றிதழைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் என் மாதிரியைத் திறந்தேன். "அன்னார் அடிக்கடி சொல்வார்…" புள்ளிகள். கதைக்காத மனிதருக்கு என்ன போடலாம்? சி.ஆர். கொப்பியைத் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை. கை தானாக அடித்தது: "வெளியே நிற்கும் கப்பல்தான் ஊதும், துறைக்குள் வந்த கப்பல் ஊதாது."

அது என் அப்பாவுடையது. சின்ன வயதில் நான் ஓயாமல் கதைப்பேன். வேலை முடிந்து, கையில் கிறீஸ் மணத்தோடு வந்து, தேத்தண்ணிக்கு இருக்கிற மனிதரின் காதுக்குள் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் கொட்டுவேன். அப்பா கோப்பையை வைத்துவிட்டுச் சொல்வார்: "மகள், வெளிய நிக்கிற கப்பல்தான் ஊதும். உள்ளுக்கு வந்தது ஊதாது. நீ வீட்டுக்குள்ளதானே இருக்க?" என்னை வாயை மூடச் சொன்ன வசனம். அப்பா போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அடித்து முடித்து, பெடியனுக்கு அனுப்பிவிட்டு, "அடுத்த ஆள் யார்?" என்று கேட்டேன். அன்ரிக்குச் சொல்லவேண்டும் என்ற நினைவே எழவில்லை. இருபது வருடப் பழக்கம் அது.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் காரில் போனோம். அன்ரி சாம்பல் நிறப் பட்டு உடுத்திருந்தார். வாசலில் அடையாள அட்டை பார்த்து, போனை வாங்கி வைத்து, கைப்பையையும் வாங்கினார்கள். அன்ரி கண் துடைக்கிற கைலேஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு உத்தியோகத்தர் சிங்களத்தில், "அம்மே, படி கவனம்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

கலரியில் இருந்து பார்த்தால் சபை ஆழத்தில் தெரிந்தது. சிவந்த இருக்கைகள், அதற்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள். பின்னேரம், வெள்ளிக்கிழமை, தூரத்து ஊர்க்காரர் எல்லாரும் புறப்பட்டிருப்பார்கள். என் வாய் சும்மா இருக்க, கண் எண்ணத் தொடங்கியது. பன்னிரண்டு.

கோரம் என்ற ஒன்று உண்டு. சபை நடக்க இருபது பேராவது உள்ளே இருக்கவேண்டும். இல்லையென்று யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னால், மணி அடிப்பார்கள். மணி அடித்தும் ஆள் சேராவிட்டால் அன்றைக்குச் சபை முடிந்தது. யாரும் சொல்லாதவரை, எத்தனை பேர் இருந்தாலும் குறையில்லை. அன்ரியின் பிளேன் செவ்வாய்க்கிழமை.

"எத்தினை பேர் இருக்கினம்?" அன்ரி மெல்லக் கேட்டார்.

"நிறையப் பேர், அன்ரி."

"கண்தான் தெரியாது எனக்கு. காது கேக்கும். நிறையப் பேர் இருந்தா இப்பிடிச் சத்தம் எதிரொலிக்காது."

எங்கள் அங்கிளுக்கு முன் இன்னொருவருக்கு அனுதாபம் நடந்தது. அது முடிய, பின் வரிசையில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். எழுந்து, சுற்றிவரப் பார்த்தார். தலைகளை எண்ணுகிற பார்வை. அன்ரியின் கை என் முழங்கையில் வந்து விழுந்தது. அவருக்கு அந்த மனிதர் தெரிந்திருக்காது, என் கை விறைத்தது தெரிந்திருக்கும். அந்த உறுப்பினர் மைக்கைத் தட்டவில்லை. இடுப்பைப் பிடித்து ஒரு தரம் நிமிர்ந்தார். திரும்ப இருந்தார். நாரி நோவு.

பிறகு தமிழ் உறுப்பினர் எழுந்து, "முன்னாள் கௌரவ உறுப்பினர்" என்று தொடங்கி அங்கிளின் பெயரைச் சொன்னார். அன்ரி கண்ணை மூடினார். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், சட்டக் கல்லூரி, புதுக்கடை. என் வசனங்கள், நான் வைத்த இடத்தில் காற்புள்ளியோடு. பிறகு அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, தானே கண்டுபிடித்தவர் மாதிரிச் சொன்னார்: "அன்னார் அடிக்கடி சொல்வார், வெளியே நிற்கும் கப்பல்தான் ஊதும், துறைக்குள் வந்த கப்பல் ஊதாது என்று. அதனால்தான் இந்தச் சபையில் அவர் ஊதவில்லை."

அன்ரி கண்ணைத் திறந்தார்.

அடுத்து அரசாங்கப் பக்கத்தில் ஒருவர், சிங்களத்தில். அதே குறிப்பு. கப்பல் சிங்களத்தில் இன்னும் வடிவாக வந்தது. சொன்னவர் கொஞ்சம் பாட்டுக் குரலில் சொன்னார். மூன்றாவதாக ஒருவர் ஆங்கிலத்தில். கப்பல் திரும்பவும் வந்தது, இந்த முறை சங்கு ஊதிக்கொண்டு. பன்னிரண்டு பேரில் ஒருவர் தலையாட்டினார். கடைசியில் தலைமை ஆசனத்தில் இருந்தவர், இந்த அனுதாபத்தில் தானும் இணைந்துகொள்வதாகச் சொல்லி, இதைக் குடும்பத்தாருக்கு அறிவிக்கும்படி செயலாளருக்குக் கட்டளையிட்டார். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம்.

அப்பாவின் வசனத்தை நாட்டின் சபை மூன்று மொழியில் சொல்லிவிட்டு எழுந்து நிற்கிறது. எனக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. கால் மரத்திருந்தது, அது மட்டும் தெரிந்தது. கைப்பையைத் திருப்பி வாங்க எந்த வாசல் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

காரில் பாதி வழி வந்து, சிக்னலில் நிற்கும்போது அன்ரி கேட்டார்.

"பிள்ளை, அந்தக் கப்பல் ஆர் சொன்னது?"

நான் ஒரு பொய்யை எடுத்தேன். வாய் வரை வந்தது. வெளியே விடவில்லை.

"எங்கட அப்பா சொல்றது, அன்ரி."

"அவர் என்ன செய்தவர்?"

"ஹாபரில வின்ச் ஓட்டினவர்."

"அதுதானே பாத்தன். இவர் கடலைக் கண்டாலே சத்தி எடுக்கிறவர். நெடுந்தீவுக்கு ஒருக்காப் போய்த் திரும்பி வரமாட்டன் எண்டு நிண்டவர். கப்பலாம்." சிரிக்கிற மாதிரி மூச்சு விட்டார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "நான் சொன்னதை நீர் போடேல்லை."

"ஆதாரம் இல்லையெண்டு…"

"கப்பலுக்கு ஆதாரம் இருந்ததோ?"

சிக்னல் மாறியது. நான் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"பிழை, அன்ரி. எழுதித் திருத்தச் சொல்லிக் கேக்கவா?"

"என்னெண்டு? 'கப்பலை எடுத்துப்போட்டுக் காதைப் போடுங்கோ' எண்டோ?" கைலேஞ்சியை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தார். "கௌரவ உறுப்பினர் எண்டு மூண்டு தரம் சொன்னவை. நான் எண்ணினனான். அது காணும். ஆனா அந்தக் கதை இவரின்ரை இல்லை. அதை நான் காவிக்கொண்டு போகமாட்டன்."

பயணம் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால், பேச்சுகளின் அச்சுப்படி ஒன்றைப் பெடியன் திங்கட்கிழமையே என் கடைக்குக் கொண்டுவந்து தந்தான். நல்ல பெடியன், "அக்கா, அந்த லைன் சுப்பர். சேர் இன்னொரு பேச்சுக்கும் எடுக்கப்போறாராம்" என்றான். நான் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வீட்டில் கதிரைகூட இல்லை, எல்லாம் போய்விட்டது. அன்ரி சூட்கேஸின் மேல் இருந்தார். புத்தகங்களைப் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி ஏற்றிப் போயிருந்தார். அந்த மெல்லிய ஹன்சார்ட் மட்டும் யன்னல் விளிம்பில் கிடந்தது.

"இதையும் அவரிட்டைக் குடுத்துவிடும். பாரம் கூடிப்போச்சு, கொண்டுபோக ஏலாது. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு கொப்பி எடுத்துத் தாரும்."

கீழே இறங்கி, அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அழுக்கு விரல் அடையாளமும் சேர்ந்து விழுந்திருந்தது. அன்ரி பென்சில் கேட்டார். பிறகு, "எனக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது, நீர் எழுதும்," என்று என்னிடமே தந்தார். சூட்கேஸின் மேல் தாளை வைத்து, அடைப்புக்குறிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அங்கிளின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவர் சொல்லச் சொல்ல: கேக்கேல்லை.

"முற்றுப்புள்ளி வைச்சிட்டீரோ?"

"ஓம், அன்ரி."

அவர் தாளை நாலாக மடித்து, கடவுச்சீட்டுக்குள் வைத்தார். பெடியன் கொண்டுவந்த அச்சுப்படியை என் பக்கம் தள்ளினார்.

"இது உம்மட அப்பான்ரை. வீட்டை கொண்டுபோம்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ் எடுத்தேன். அச்சுப்படி பையில் இருந்தது. காலிமுகத்திடலில் பழைய சபைக் கட்டடத்தைத் தாண்டும்போது, முன்னுக்குப் போகச் சொல்லிக் கொண்டக்டர் முதுகில் தட்டினான். போனேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது, வெளியே நிற்கிறதாக்கும்.